பச்சைக் கோபாற்றுச் சேர்வையும் "பொதுமுறை" என்னும் பெயரும்

செய்யுளையும் கதையையும் திறனாயும் வழக்கம் தமிழிற் பெருகியிருக்கும் அளவிற்கு விஞ்ஞானக் கட்டுரையைத் திறனாயும் வழக்கம் பெருகவில்லை. விஞ்ஞானி கூறியதை ஏற்றல், தேர்வின்பொருட்டு மனனஞ் செய்தல் என்னும் இரண்டே வழிகள் உள்ளன என்று பலர் கருதுகின்றனர். ஆயின், நூலின் குற்றங்களையும் அழகுகளையும் வகுத்துரைத்த நன்னூலார், செய்யுளிலக்கியத்திற்கு மட்டுமே அவை உரியன என்று வரையறுத்தாரல்லர். ஒரு பொருளை அறிவித்தற்கு எழுந்த எவ்வுரையும் அவ்வளவைக்கு உட்படும். குன்றக் கூறிற்றா, மிகைபடக் கூறிற்றா, முதனூல் எனத்தக்கதா, வழிநூல் எனத்தக்கதா என்னும் வினாக்களை ஓர் இரசாயனக் கட்டுரையை நோக்கியும் கேட்கலாம்; கேட்டலும் வேண்டும்.

அவ்வாறு கேட்டற்குரிய கட்டுரையொன்று 1960 ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அதனை எழுதியோர் பௌவர், திரிங்கார்ட் என்னும் இருவர். மூவலுக் கோபாற்றின் சிக்கற் சேர்வைகளை ஆக்குதற்கு ஒரு பொதுமுறை என்பதும், அம்முறைக்குரிய ஒரு புதிய இடைப்பொருள் என்பதும் அதன் தலைப்பிலேயே அமைந்த இரு கூற்றுகள். அவ்விடைப்பொருளாவது, ஒரு கோபாற்று அணுவை மூன்று காபனேற்றுகள் சூழ, மூன்று சோடியம் அயன்களையும் மூன்று நீர் மூலக்கூறுகளையும் உடன்கொண்ட ஒலிவுப் பச்சை நிறத் திண்மம். "பொது", "புதியது" என்னும் அவ்விரு சொற்களும் எத்துணைப் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கோபாற்று, திருகோணமலை மாணவருக்கு முற்றிலும் அயலான பொருளன்று. ஓர்ஸ் ஹில் போன்ற துறைமுகச் சூழலிற் கடற்காற்றின் ஈரம் கருவிகளைக் கெடுப்பது. ஆதலின் நுணுக்குக்காட்டி, படக்கருவி முதலியவற்றின் பெட்டிகளில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகள் இடப்பெறுவது வழக்கம். அம்மணிகளுள் நீலநிறமுடையன கோபாற்றுக் குளோரைட்டுப் பூசப்பட்டவை. ஈரம் ஏற ஏற நீலம் மங்கி இளஞ்சிவப்பாகும். சூடாக்கின் மீண்டும் நீலமாகும். கோபாற்றைச் சூழ்ந்து நிற்பது குளோரைட்டா, நீரா என்பதே இந்நிறமாற்றத்தின் காரணம். உலோக அணுவை நடுவிற்கொண்டு, அதனைச் சூழ்ந்து நிற்கும் மூலக்கூறுகளும் அயன்களும் அதன் குணத்தை மாற்றுகின்றன என்னும் சிக்கற் சேர்வைக் கொள்கை முழுவதும் அம்மணியில் அடங்கியுள்ளது எனலாம். இவ்வாறு சூழ்ந்து நிற்பவற்றை இலங்கைப் பாடநூல்கள் இணையிகள் என்றும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஈனிகள் என்றும் வழங்குகின்றன.

நீல மணியிலுள்ளது இருவலுக் கோபாற்று. அதனினும் ஓர் இலத்திரன் குறைந்த மூவலுக் கோபாற்றே சிக்கற் சேர்வைகளின் வரலாற்றிற் சிறந்து விளங்குவது. சூரிச் நகரத்துப் பேராசிரியர் அல்பிரட் வேர்ணர் 1893 ஆம் ஆண்டிற் தம் கொள்கையை வெளியிட்டபோதும், தென்மார்க்கு அறிஞர் யோர்கென்சனோடு நெடுங்காலம் வாதிட்டபோதும், இருவருக்கும் சான்றாக நின்றவை பெரும்பாலும் கோபாற்றும் அமோனியாவும் கூடிய சேர்வைகளே. ஆறு இணையிகள் எண்முகியின் ஆறு உச்சிகளில் நிற்கும் என்னும் தம் கூற்றை வேர்ணர் 1911 இல், ஒரு கோபாற்றுச் சேர்வையை வலஞ்சுழி, இடஞ்சுழி என இரண்டாகப் பிரித்துக்காட்டி நிலைநாட்டினார். 1913 இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. கல்கத்தாவிற் பிரியதாரஞ்சன் ராய், தத்தர் என்போர் 1943 இல் அத்தகைய சுழிகள் ஒன்று மற்றொன்றாக மாறும் வழியை ஆராய்ந்து வெளியிட்ட கருத்து, இன்றும் அவ்விருவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகின்றது. அவர்கள் எடுத்துக்கொண்டதும் மூவலுக் கோபாற்றின் சேர்வையே.

இத்துணைச் சிறப்புடைய மூவலுக் கோபாற்றை ஆளுதல் எளிதன்று. வெறும் நீராற் சூழப்பட்ட நிலையில் அது நிலைத்து நில்லாது. நீரையே ஒட்சியேற்றி, ஒட்சிசனை வெளிப்படுத்தி, தான் இருவலு நிலைக்கு இழியும். ஆகவே குளோரைட்டையோ நைத்திரேற்றையோ போத்தலிலிருந்து எடுத்து வேண்டிய இணையியோடு கலத்தல் என்னும் எளிய வழி இங்கு இல்லை. பழைய வழி, இருவலு உப்பையும் இணையியையும் ஒருங்கே கரைத்து, காற்றையோ பேரொட்சைட்டையோ கொண்டு ஒட்சியேற்றுதல். அவ்வழியிற் பல சேர்வைகள் ஒருங்கு கலந்து தோன்றுதல் உண்டு. அமோனியாச் சேர்வையிலிருந்து தொடங்கலாமெனின், மூவலுக் கோபாற்று தான் பற்றிய அமோனியாவை எளிதில் விடாது. விருந்தினரை அழைத்தற்கு முன்னர் முன்னிருந்தோரை எழுப்ப வேண்டிய நிலை அது. எனவே மூவலு நிலையைக் காப்பதும், வேண்டுங்காற் சுவடின்றி அகல்வதுமாகிய ஓர் இணையி தேவைப்பட்டது. காபனேற்று அத்தகையது. அமிலம் பட்டவழி அது காபனீரொட்சைட்டு வளியாகிப் போய்விடும். கரைசலில் அதன் எச்சம் இராது.

அவ்விருவரே 1966 இல் "அசேதனத் தொகுப்புகள்" என்னும் வரிசையின் எட்டாம் தொகுதியில் எழுதிய செய்முறை, உரைநடைச் சுருக்கத்திற்கு எடுத்துக்காட்டாகும். கோபாற்று நைத்திரேற்று 29.1 கிராமையும், நூற்றுக்கு 30 வீதமான ஐதரசன் பேரொட்சைட்டு 10 மில்லிலீற்றரையும் 50 மில்லிலீற்றர் நீரிற் சேர்த்தல். சோடியம் இருகாபனேற்று 42.0 கிராமை 50 மில்லிலீற்றர் நீரிற் கலக்கிய கூழைப் பனிக்கட்டியாற் குளிர்வித்தல். முன்னதைப் பின்னதிற் துளித்துளியாக விட்டுக் கலக்குதல். 0 பாகையில் ஒரு மணிநேரம் நிற்கவிட்டு வடித்தல். குளிர்நீர், அற்ககோல், ஈதர் என்பவற்றாற் கழுவுதல். இவ்வளவே செய்முறை.

இச்சுருக்கத்தினுள் அடங்கிய கணக்கை அவர்கள் விரித்துரைக்கவில்லை. கற்போன் விரித்துக்கொள்ளல் வேண்டும். நைத்திரேற்று 29.1 கிராம் என்பது 0.1 மூல், இருகாபனேற்று 42.0 கிராம் என்பது 0.5 மூல். ஆகவே ஒரு கோபாற்றுக்கு ஐந்து இருகாபனேற்றுகள். அவ்வைந்தனுள் மூன்று காபனேற்றாகிக் கோபாற்றைப் பற்றுகின்றன; எஞ்சிய இரண்டும் அம்மூன்றும் விட்ட புரோத்தன்களையும், பேரொட்சைட்டு ஒட்சியேற்றும்போது எழும் காரத்தையும் சரிசெய்து வளியாகின்றன. சோடியத்தின் கணக்கும் அவ்வாறே: 0.5 மூலில் 0.3 மூல் பச்சைத் திண்மத்திற்கு, 0.2 மூல் நைத்திரேற்றோடு கரைசலுக்கு. பேரொட்சைட்டு மட்டும் தேவையான 0.05 மூலினும் ஏறத்தாழ இருமடங்கு உள்ளது. அது தானே சிதையும் இயல்பினது ஆதலின் அம்மிகை வேண்டப்படுவதே. விளைவு முழுமையாயின் 36.2 கிராம் பெறப்படும். ஓரெண்ணும் வீணே நில்லாத இவ்வமைப்பு, சுருங்கச் சொல்லி விளங்கவைக்கும் அழகின்பாற்படும்.

இனி, "புதியது" என்னும் கூற்றை நோக்குவோம். கோபாற்று உப்புக்கு இருகாபனேற்றையும் பேரொட்சைட்டையும் சேர்க்கத் தோன்றும் பச்சைநிறம் 1960 இற்குப் பல்லாண்டு முன்னரே அறியப்பட்டது. இங்கிலாந்தில் டுரண்ட் என்பார் 1905 இல் இப்பச்சைச் சேர்வைகளைப்பற்றி எழுதினார். கோபாற்றைக் கண்டறியும் சோதனையாக அந்நிறம் அவர் பெயரொடும் வழங்கிற்று. 1951 இல் இலைற்றினன், பேடெற் என்போர் அதே பச்சைக் கரைசலைக்கொண்டு கோபாற்றின் அளவைத் துணிந்தனர். 1953 இல் மக்கச்சன், ஷூலே என்போர் அப்பச்சை அயனை அமோனியாக் கோபாற்று அயனோடு கூட்டித் திண்மமாக்கி, ஒரு கோபாற்றுக்கு மூன்று காபனேற்று என்னும் இயைபை நிறுவினர். 1956 ஆம் ஆண்டளவில் யப்பானிய அறிஞர் மோரி, ஷிபாட்டா முதலியோர் பச்சைக் கரைசலைத் தொகுப்பிற்கும் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். ஆகவே அயனும் புதிதன்று. அதன் நிறமும் புதிதன்று. அது பயன்படும் என்னும் எண்ணமும் முற்றிலும் புதிதன்று.

எனின், அவ்விருவர் செய்தது யாது? கரைசலிலே மட்டும் அறியப்பட்டதும், பிறிதோர் அரிய அயனோடு பிணைந்து கிடந்ததுமான பொருளை, எங்கும் கிடைக்கும் சோடியத்தோடு கூட்டித் தனித் திண்மமாக்கினர். திண்மமானபடியால் அதனை நிறுக்கலாம். போத்தலில் இட்டு வைக்கலாம். வேண்டியபோது வேண்டிய அளவு எடுக்கலாம். ஒரு நிறமாய் இருந்தது ஒரு கைப்பொருள் ஆயிற்று. முதனூலின் பொருளைத் தழுவி, வேண்டிய வேறுபாட்டைத் தான் சேர்த்து நடப்பது வழிநூல் என்பது இலக்கண நூலார் முடிபு. அவ்வளவையின்படி இக்கட்டுரை முதனூலன்று, சிறந்த வழிநூல். வழிநூல் என்பது இழிவுப் பெயரன்று. தமிழிற் போற்றப்படும் இலக்கண நூல்களுட் பல வழிநூல்களே. ஆயின் வழிநூல் தன்னை முதனூல் போலக் காட்டுமாயின், முன்னோர் பெயர் மறைதற்கு அது வாயிலாகும். இன்று பாடநூலிற் செய்முறையைக் காணும் மாணவன் டுரண்டின் பெயரையோ ஷூலேயின் பெயரையோ அறியாதிருத்தற்குத் தலைப்பிலுள்ள அவ்வொரு சொல்லும் காரணமாகும்.

"பொது" என்னும் கூற்று இதனினும் நுண்ணியது. எதிலீனிருவமீன், கிளைசீன், ஒட்சலேற்று, அசற்றைலசற்றோன் முதலிய பல்வேறு இணையிகளின் கோபாற்றுச் சேர்வைகளைக் காபனேற்றுச் சேர்வையிலிருந்து ஆக்கலாம் என்பது உண்மை. இணையி அமிலத்தன்மை உடையதாயின் அதுவே காபனேற்றை வெளியேற்றித் தன் இடத்தைத் தானே அமைத்துக்கொள்ளும். தக்க அமிலத்திற் கரைத்து, நீர் சூழ்ந்த மூவலுக் கோபாற்றைச் சிறிது நேரம் பெறுதற்கும் இஃது ஏற்றது. இத்துணைப் பரப்பினைப் பிற தொடக்கப்பொருள்களிடம் காண்டல் அரிது.

ஆயினும் எல்லைகள் உள. முதலாவது, சோடியத் திண்மம் நீரில் அரிதிற் கரைவது. கரைசலில் நிற்குங்காற் சிதையவுஞ் செய்வது. ஆதலின் எதிர்வினை திண்மத்தின் மேற்பரப்பிலேயே நிகழ்ந்து தாமதிப்பதுண்டு. இரண்டாவது, தாழ்த்தும் இயல்புடைய இணையிகள் பல இவ்வழிக்கு ஆகா. அயடைட்டைச் சேர்ப்பின் கோபாற்று இருவலுவாகித் தாழும்; அயடீன் வெளிப்படும். மேற்கூறிய 1951 ஆம் ஆண்டு அளவையறிமுறை இந்நிகழ்ச்சியையே அடிப்படையாகக் கொண்டது. தொகுப்போனுக்குக் குற்றமாவது பகுப்போனுக்குக் குணமாதல் காண்க. மூன்றாவது, சில சேர்வைகளுக்கு இச்சுற்றுவழி வேண்டுவதில்லை. அசற்றைலசற்றோன் சேர்வையை, எளிய கோபாற்றுக் காபனேற்றையும் பேரொட்சைட்டையும் கொண்டு நேரே ஆக்கும் செய்முறை 1957 இலேயே அச்சாகியிருந்தது.

இவற்றினும் முதன்மையான குறை ஒன்றுண்டு. மூன்று காபனேற்றையும் ஒருங்கே நீக்கி மூன்று புதிய இணையிகளை அமர்த்துதலே இம்முறையின் இயல்பான போக்கு. ஒன்றை மட்டும் நீக்கி, இரண்டை நிறுத்தி, கலப்புச் சேர்வை ஆக்குதல் வேண்டின் கரைசலில் நிகழும் மெல்லிய கட்டுப்பாடு வேண்டும். அதனைச் செய்தோர் ஷிபாட்டாவும் அவர்தம் குழுவினருமே. நன்கு கரையும் பொற்றாசியம் உப்பின் பச்சைக் கரைசலிலிருந்து தொடங்கி, இரண்டு காபனேற்றும் ஓர் எதிலீனிருவமீனும் உடையது, இரண்டு காபனேற்றும் இரண்டு அமோனியாவும் உடையது எனப் படிப்படியாக அவர்கள் ஆக்கிக்காட்டினர். படி ஒவ்வொன்றிலும் நிற்றற்கு இடமளிக்கும் முறையே பொதுமுறை என்னும் பெயருக்கு மிக உரியது. ஆகவே 1960 ஆம் ஆண்டுத் தலைப்பிலுள்ள "பொது" என்பது "பலவற்றுக்கும் ஏற்றது" என்னும் பொருளிற் கொள்ளத்தக்கது. "எல்லாவற்றுக்கும் ஏற்றது" எனக் கொள்ளின் மிகைபடக் கூறல் என்னும் குற்றம் தங்கும்.

மிகை இருத்தல் போலக் குறையும் ஒன்று உண்டு. மூவலுக் கோபாற்று தான் பற்றிய இணையியை எளிதில் விடாது என்று மேலே கூறப்பட்டது. அங்ஙனமாயின் காபனேற்றை மட்டும் அமிலத்தில் விரைந்து விடுவது எவ்வாறு? தொகுப்புக் கட்டுரை இவ்வினாவை எழுப்புவதில்லை. செய்முறைக்கு அது வேண்டாமையின் எழுப்பாமை குற்றமுமன்று. ஆனால் விடை அக்கட்டுரைக்கு முன்னரே கிடைத்திருந்தது. அமெரிக்க அறிஞர் ஹென்றி டோப் என்பாரும் உடனுழைத்தோரும் 1952 இலும் 1953 இலும், நிறை 18 உடைய ஒட்சிசனை அடையாளமாகக் கொண்டு, அமோனியாவொடு கூடிய காபனேற்றுச் சேர்வைகளை அமிலத்தில் இட்டு ஆராய்ந்தனர். காபனேற்று ஒரு கையாற் பற்றிய சேர்வையில், வளி நீங்கிய பின்னர்க் கோபாற்றின்மீது எஞ்சிய நீரின் ஒட்சிசன், கரைசலிலிருந்து வந்ததன்று; முன்னர்க் காபனேற்றிலிருந்த ஒட்சிசனே என்பது தெரிந்தது. அறுந்தது கோபாற்றுக்கும் ஒட்சிசனுக்கும் இடையிலுள்ள பிணைப்பன்று. ஒட்சிசனுக்கும் காபனுக்கும் இடையிலுள்ளது. கோபாற்று தன் பிடியை விடவேயில்லை. பிடித்த பொருளின் மறுபாதியே உதிர்ந்தது.

காபனேற்று இரு கைகளாலும் பற்றிய சேர்வையிலோ முடிவு வேறு. அங்கே நாற்கோண வளையமொன்று உள்ளது. எண்முகிக்கு இயல்பான 90 பாகைக் கோணம் ஏறத்தாழ 70 பாகையாக ஒடுங்கி நிற்கும். அவ்விறுக்கத்தால் ஒரு பக்கத்திற் கோபாற்றுப் பிணைப்பே முதலில் அறுந்து, கரைசலின் நீர் அவ்விடத்தே புகும். மறுபக்கத்தில் முன்போலக் காபன் பிணைப்பு அறும். ஆகவே எஞ்சும் இரு நீருள் ஒன்றன் ஒட்சிசன் புதிது. மற்றதன் ஒட்சிசன் பழையது. டோப் 1983 இல் நோபெல் பரிசு பெற்றார். உலோகச் சேர்வைகளின் எதிர்வினை வழிகளை ஆராய்ந்தமைக்கே அப்பரிசு வழங்கப்பட்டது.

இதனை அறிந்தபின் செய்முறையின் மதிப்பு மாறுகின்றது. காபனேற்று நல்ல இடைப்பொருளானது தற்செயலன்று. கோபாற்றின் பிடியை முழுதும் நெகிழ்க்காமலே இடத்தைக் காலியாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. "காபனேற்று நீங்க, நீர் வந்து அமர்ந்தது" என்று வகுப்பறைகளில் வழங்கும் வாய்பாடு பாதியே உண்மை. அப்பாதியைக் கற்ற மாணவன் தேர்விற் புள்ளி பெறலாம்; மூவலுக் கோபாற்று மந்தமானது என்றும், காபனேற்றுச் சேர்வை விரைந்து மாறும் என்றும் அடுத்தடுத்த பக்கங்களிற் படிக்குங்கால், அவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவதை அவன் உணரமாட்டான்; உணர்ந்தாலும் வினாவத் துணியான்.

இங்குதான் இத்திறனாய்வின் பயன் தமிழ்க் கல்வியைத் தொடுகின்றது. தமிழில் இரசாயனம் எழுதும் முயற்சி ஈழத்திற்குப் புதிதன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்கர் சாமுவேல் பிஸ்க் கிறீனும் அவர்தம் மாணாக்கரும் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினர். "கெமிஸ்தம்" என்னும் இரசாயன நூல் 1875 இல் வெளிவந்தது. சொல் இல்லாத காலத்திற் சொல்லை ஆக்கினோர் அவர்கள். இன்று சொல்லுக்குக் குறைவில்லை. இணையி, ஈனி, சிக்கற் சேர்வை, அணைவுச் சேர்மம் என ஒரு பொருளுக்கு இருபெயர் வைத்துப் பாக்கு நீரிணையின் இருகரையும் வழங்குகின்றன. குறைவது வினா. உயர்தர வகுப்பில் கோபாற்று என்றவுடன் இளஞ்சிவப்பு, நீலம், மஞ்சட்கபிலம் என நிறங்களின் பட்டியல் எழுகின்றது. நிறம் எதனாற் பிறந்தது, எவ்வழியே மாறிற்று, முதலிற் கண்டவர் யாவர், அவர் கூற்று எவ்வளவிற்கு நின்றது என்பன எழுவதில்லை. பட்டியல் மட்டும் எஞ்சுமாயின், கிறீனின் காலத்திற் தேடியெடுத்த தமிழ்ச் சொற்கள் வெறும் ஒப்புவித்தலுக்கே பயன்பட்டனவாகும்.

பச்சைச் சேர்வை இக்குறையைத் தீர்த்தற்கு ஏற்ற கருவி. சில துளி கோபாற்றுக் கரைசல், சமையலறையிலும் வழங்கும் அப்பச்சோடா, சிறிது நீர்த்த பேரொட்சைட்டு என்பன இருப்பின், இளஞ்சிவப்பு பச்சையாவதைச் சோதனைக் குழாயிலேயே ஆசிரியர் காட்டலாம். பின்னர் அமிலந் துளிக்க, நுரைத்தெழும் வளியையும் மாறும் நிறத்தையும் காட்டி, எப்பிணைப்பு அறுந்தது என்னும் வினாவை மாணவர்முன் வைக்கலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. ஆயின் எச்சரிக்கை வேண்டும். நூற்றுக்கு 30 வீதப் பேரொட்சைட்டு தோலைச் சுடும். அது பள்ளி மேசைக்கு உரியதன்று. கரையும் கோபாற்று உப்புகள் நஞ்சாவன. புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் எனவும் எண்ணப்படுவன. அதனாலேயே ஈரங்காட்டும் நீல மணிகளுக்கு மாற்றாகக் கோபாற்றில்லா மணிகள் வழக்கிற்கு வந்துள்ளன. மலையடிவாரத்திற் துறைமுக நீர் தேங்கிநிற்கும் ஊரிலே, சோதனையின் எச்சத்தை வடிகாலில் ஊற்றாது வேறாகச் சேர்த்து வைத்தலும் பாடத்தின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

முடிவாகக் கூறின், பௌவர், திரிங்கார்ட் ஆகியோரது கட்டுரை தலைப்பினாற் சிறிது மிகுத்துரைத்தது; உள்ளடக்கத்தால் மிக நன்று உழைத்தது. புதிய அயனை அது தரவில்லை. அறியப்பட்ட அயனைப் பலர் கையில் ஏற்றியது. எல்லாவற்றுக்கும் ஏற்ற முறையை அது தரவில்லை. பலவற்றுக்கு ஏற்றதும், பிறர் மேலுந் திருத்தத் தக்கதுமான முறையைத் தந்தது. காபனேற்று ஏன் நீங்கிற்று என்பதை அது சொல்லவில்லை. அவ்விடை மற்றொரு கட்டுரையில் முன்னரே இருந்தது. விஞ்ஞான நூல்கள் ஒன்றையொன்று நிரப்புவன. ஒன்றைமட்டும் படித்து நிறைவுறுவோன் அதன் மிகையையும் குறையையும் சேர்த்தே ஏற்பவனாவான். ஒரு கட்டுரையின் தலைப்பை அதன் கணக்கோடும், அதன் கணக்கை அதற்கு முன்னும் பின்னும் எழுந்தவற்றோடும் ஒப்புநோக்கும் பழக்கம் இலக்கிய மாணவனுக்குப் போலவே இரசாயன மாணவனுக்கும் உரியதாதல் வேண்டும்.